அடங்கிப்போனவரா கத்தர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெலங்கானா அரசின் திரைப்பட விருதுகளைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முன்பு ஆந்திர அரசு கொடுத்த நந்தி விருது இருந்த இடத்தில் இப்போது கத்தர் பெயரில் விருது கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கத்தர் யார் என்று விளக்க ஒரே ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். ‘துப்பாக்கியில் தொடங்கி வாக்குப்பெட்டியில் அடங்கிப்போன பாடகர்.’ இரண்டு நாளாக அந்த வரி தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டிருக்கிறது. அடங்கிப்போனார் என்று எழுதியவர் அவர் எதற்கு அடங்கினார், எப்போது அடங்கினார் என்று இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

1986 முதல் 1998 வரை செகந்திராபாத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். தெலுங்கு அங்கேதான் கற்றேன், அதில் பாதி கத்தரின் கேசட்டுகளிலிருந்து. என்னோடு அறையில் இருந்தவர் மெதக் பக்கத்துக்காரர். கத்தரின் ஊரான தூப்ரானும் அந்தப் பக்கம்தான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சத்தத்தைக் குறைத்து வைத்து அந்தக் கேசட்டைப் போடுவார். நக்சலைட் இயக்கத்தின் பாட்டுக்காரரான கத்தர் அப்போது தலைமறைவாக இருந்தார். குரல் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

1990 பிப்ரவரியில் அவர் வெளியே வந்து நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடினார். அன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். கூட்டத்தை நான் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. மைதானம் நிரம்பி, சுவர் மேலும் மரத்தின் மேலும் ஆட்கள். எனக்கு மேடையின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே இரண்டு பையன்கள் பழைய பேப்பரைக் கொளுத்தி அந்தச் சூட்டில் டப்பு என்கிற தோல் மேளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நம்மூரில் பறையைக் காய்ச்சுவார்களே, அதே மாதிரி. ஒருவன் விரலால் தட்டிப் பார்ப்பான், தலையை ஆட்டுவான், மறுபடியும் தீயில் காட்டுவான். அப்புறம் கத்தர் வந்தார். வெற்று மார்பு, தார்ப்பாய்ச்சிய வேட்டி, தோளில் கொங்கடி என்கிற கறுப்புக் கம்பளி, கையில் தடி, காலில் கஜ்ஜை என்கிற சலங்கை. பாட்டுக்கு நடுவே அந்தக் கம்பளியைச் சுருட்டிக் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுகிற குரலில் பாடினார். என் பக்கத்தில் நின்ற கட்டட வேலைக்காரப் பெண் அழவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை எனக்குக் கண்முன்னால் இருக்கிறது.

சரி, இதெல்லாம் என் சொந்தக் கதை. உங்களுக்குத் தெரியாத விஷயம் எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரின் சொந்தப் பெயர் கும்மடி விட்டல். தலித் இளைஞர், கனரா வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் வருகிற நாற்காலியை விட்டுவிட்டு நக்சலைட் இயக்கத்தின் கலைக்குழுவான ஜன நாட்டிய மண்டலியின் பாட்டுக்காரராகப் போனார். வங்கி வேலைக்காக எத்தனை குடும்பங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்த காலம் அது என்று உங்களுக்குத் தெரியும். 1985 ஜூலையில் ஆந்திராவின் காரம்சேடு கிராமத்தில் தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கத்தர் அதைப் பாட்டாக்கிக் கொண்டுபோனார். அந்த வருஷம்தான் தலைமறைவானார். பின்னாளில் அம்பேத்கரைப் பற்றி அவர் அதிகம் பேச ஆரம்பித்தபோது, வர்க்கத்தை விட்டுவிட்டுச் சாதிக்குப் போய்விட்டார் என்று சிலர் குறைபட்டார்கள். காரம்சேட்டில் வெட்டுப்பட்டவர்கள் எந்தச் சாதி, வெட்டியவர்கள் எந்தச் சாதி என்று பாடிய மனிதர் அவர். அந்தக் கேள்வி அவருக்குள் அப்போதே விழுந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1997 ஏப்ரல் 6-ஆம் தேதி செகந்திராபாத் பக்கம் அல்வாலில் அவர் வீட்டுக்கே வந்து அவரைச் சுட்டார்கள். அன்று ராத்திரி மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். என்னோடு வந்த ஆட்டோக்காரர், ‘குரல் போகவில்லையே, குரல் போகவில்லையே’ என்று வெளியே வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உயிர் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. முதுகெலும்பில் தங்கிய ஒரு குண்டை எடுக்க முடியாமல் டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இறக்கும் வரை, 26 வருஷம், அந்தக் குண்டோடுதான் ஆடினார், பாடினார், படியேறினார். வாக்குச்சாவடிக்கும் அதோடுதான் போனார். ‘அடங்கிப்போன’ என்ற சொல்லை எழுதும்போது கட்டுரையாளருக்கு இந்தக் குண்டு ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டாமா?

அவர் கடைசி வருஷங்களில் செய்ததெல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். 2017-இல் அவர் கோயிலில் கும்பிட்டு நிற்கிற படத்தை யாரோ போனில் அனுப்பினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. ராகுல் காந்தியைக் கட்டிப்பிடித்த படமும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காமல் போனதால்தான் யோசித்தேன். செகந்திராபாத்தில் ஆஷாட மாதத்தில் போனாலு என்கிற அம்மன் திருவிழா வரும். எங்கள் பட்டறை இருந்த பஸ்தியில், அதாவது குடியிருப்பில், பெண்கள் தலையில் பானையும் வேப்பிலையுமாகப் போச்சம்மாவுக்குப் போவார்கள், முன்னால் டப்பு அடித்துக்கொண்டு போவார்கள். அந்த அடியைக் கேட்டால் கத்தர் மேடையில் கேட்ட அடிதான். ஒக்கு கதை என்பதே மல்லன்னா, எல்லம்மா என்கிற அந்த ஊர்ச் சாமிகளைப் பாடுகிற கலைதான். புர்ரகதை என்கிற பாட்டுக் கதை, ஒக்கு கதை, நாற்று நடுகிற பாட்டு, தாலாட்டு என்று ஜனங்களிடமிருந்து எடுத்த மெட்டில்தான் அவர் புரட்சியைப் பாடினார். மெட்டைக் கொடுத்தவர்களின் சாமியை எழுபது வயதை நெருங்குகிற காலத்தில் போய்ப் பார்த்தார் என்றால், அது சரணாகதியா, வேறு ஏதாவதா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உங்கள் கட்டுரையாளருக்கு இருந்திருக்கிறது.

வாக்குப்பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலே வேண்டாம் என்று பாடியவர் 2018 டிசம்பரில் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். அதற்கு முன்னால் 2004-இல், அரசுக்கும் நக்சலைட்டுகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்தபோது, கவிஞர் வரவர ராவோடு நக்சலைட்டுகளின் தூதராக நின்றார். அந்தப் பேச்சுவார்த்தை முறிந்தது. அவரோடு பாடியவர்களும் ஆடியவர்களும் எத்தனை பேர் என்கவுன்டர்களில் போனார்கள்! தெலங்கானாவுக்காக அவர் பாடிய பாட்டு ஊர்வலங்களில் எல்லார் வாயிலும் இருந்தது, 2014 ஜூன் 2-ஆம் தேதி மாநிலமும் வந்தது. வந்த மாநிலத்தில் தான் பாடியது நடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, அரசியல் சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓட்டு என்பது ஓர் ஆயுதம் என்று சொன்னார். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கட்சிகூட ஆரம்பித்தார். ஓய்ந்து உட்கார்ந்துவிட்ட மனிதர் செய்கிற காரியமா இது? அவர் செத்தபோது மாநில அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது, மாவோயிஸ்ட் கட்சியும் இரங்கல் அறிக்கை விட்டது. அவர் நடத்திய பள்ளிக்கூட வளாகத்திலேயே பௌத்த முறைப்படி புதைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று மாறுகிற தலைவர்களுக்கு உங்கள் இதழில் ‘வியூகம்’ என்று எழுதுகிறீர்கள். பாட்டுக்காரன் ஐம்பது வருஷத்தில் மாறினால் மட்டும் ‘அடங்கிப்போனான்’ என்கிறீர்கள். அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா 1967-இல் சுயேச்சையாக நின்று எம்.எல்.ஏ. ஆனவர், 2004-இல் பா.ஜ.க. வேட்பாளராகக் குவாஹாட்டியில் தோற்றவர். அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தபோது நீங்கள் போட்ட கட்டுரையில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். 1955-இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வாய்திறக்க மறுத்தார், அதற்காகச் சிறைத்தண்டனையும் விதித்தார்கள், மேல்முறையீட்டில்தான் அது ரத்தானது. ஸ்டாலினைப் பற்றித் தான் நினைத்தது தப்பு என்று வயதான பிறகு அவரே சொன்னார். அவரை நீங்கள் ‘மனசாட்சியின் குரல்’ என்று எழுதினீர்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். அதே மரியாதை தெலங்கானாவின் தலித் பாட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை?

நம்மூருக்கே வருவோம். இடதுசாரி மேடைகளில் பாடி, பிறகு தலித் அரசியலைப் பாடிய கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரியில் இறந்தார். கவிஞர் இன்குலாபின் வரிகளை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல். உங்கள் இதழில் நான்கு வரி வந்தது, அதுவும் சமையல் குறிப்புக்குக் கீழே. அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராததைக் குறையாகச் சொல்லவில்லை, முப்பது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற இதழ் என்பதால் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே ‘கத்தார்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது வளைகுடா நாடு. இவர் கத்தர். அடுத்த இதழில் அந்த எழுத்துப் பிழையைத் திருத்திப் போடுங்கள். இடம் இருந்தால், நந்தி விருதை வாங்க மறுத்தவர் என்ற விவரத்தையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்