புறாக் கூட்டில் கை வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த புறாக் கட்டுரையில், தாய்ப்புறா தானியத்தை ஊறவைத்துக் குஞ்சுக்கு ஊட்டும் என்று ஒரு வரி இருந்தது. முதல் சில நாட்களுக்கு அது சரியில்லை. இப்படி நம்பித்தான் எங்கள் கோத்தகிரிப் பக்கம் கூட்டைக் கலைத்துவிட்டு, பாவமே என்று குஞ்சுக்குக் கஞ்சியும் பால்சோறும் ஊட்டுகிறார்கள், அது பிழைப்பதே இல்லை.

முட்டை பொரிக்கும் சமயத்தில் புறாவின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்து வைக்கும் பை இருக்கிறதே, அதன் சுவர் தடித்து, உள்பக்கத்துச் செல்கள் கொழுப்பேறி உதிர்ந்து, உதிர்த்த பனீர் மாதிரி வெளிர்மஞ்சளாகத் திரளும். அதுதான் புறாப்பால். புரதமும் கொழுப்பும் நிறைந்தது. கண் திறக்காத குஞ்சு தன் அலகைப் பெரிய புறாவின் வாய்க்குள் விட்டு அதைத் தின்னும். தாய்க்கு மட்டுமல்ல, ஆண் புறாவுக்கும் இது சுரக்கும்! கட்டுரையில் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

அமெரிக்காவில் உயிரியல் விஞ்ஞானி ஆஸ்கர் ரிடிலின் குழு 1930களில் இந்த ஹார்மோனுக்குப் பெயர் வைத்ததே புறாவை ஆராய்ந்துதான். புறாவுக்கு அதை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது இரை சேர்க்கும் அந்தப் பை தடித்ததோடு நிற்கவில்லை, ஈரலும் குடலும் பெருத்தன, உடல் எடையும் கூடியது. ஆக, குஞ்சு வளர்க்கும் புறா உடம்பையே அதற்காக மாற்றிக்கொள்கிறது, அந்த நேரத்தில் அதற்கு இரையும் அதிகம் வேண்டும்.

புறா இனம் முழுவதற்கும் இந்தப் பால் உண்டு, நம் சோலைகளில் பழம் தின்று வாழும் நீலகிரிக் காட்டுப்புறா உட்பட. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் முக்கிய இருப்பிடம், பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். சோலையோரம் ஒரு பழமரத்தை வெட்டினால் அந்த ஒற்றைக் குஞ்சின் பாலில்தான் கை வைக்கிறோம்.

லாட்ஜ், எஸ்டேட் பங்களா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வென்டிலேட்டரில் புறாக் குஞ்சு இருந்தால் ஒரு மாதம் போல விட்டுவிடுங்கள், அது பறந்த பிறகு சுத்தம் செய்து வலை அடித்துக்கொள்ளலாம். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் வீண் பயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி