ஹாலே நகரச் சுற்றுலா பற்றிப் பெற்றோருக்கு

அன்பான அம்மாமார், அப்பாமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின்ர இந்த வருசச் சுற்றுலா கிழக்கு ஜெர்மனியிலை இருக்கிற ஹாலேக்கு எண்டு பெற்றோர் கூட்டத்திலை சொன்ன உடனை கன பேர் முகத்தைச் சுழிச்சீங்கள், பாரிசுக்கு விடலாமே, டிஸ்னிலாண்டுக்கு விடலாமே, உந்த ஊரிலை என்ன கிடக்கு எண்டு கேட்டீங்கள். மண்டபம் பூட்டுற நேரம் வந்திட்டபடியாலை அண்டைக்கு வடிவாக் கதைக்கேலாமல் போச்சு, அதாலைதான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீட்டு, காசு உடுப்பு சாப்பாடு எல்லாம் கீழை இருக்கு, பொறுமையா வாசியுங்கோ.

எங்கட பிள்ளையள் கன பேருக்கு தமிழ் எண்டால் அம்மா அப்பா ஊரிலை இருந்து கொண்டு வந்தது, சனிக்கிழமையிலை மட்டும் படிக்கிறது, ஜெர்மன்காரருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டதுதான் நினைப்பு. நான் எவ்வளவு சொன்னாலும் அது ரீச்சர் சொல்லுற கதைதானே. நேரிலை கொண்டுபோய் காட்டவேணும். 1716ஆம் ஆண்டே தமிழ் இலக்கணப் புத்தகம் அச்சடிச்ச ஊர் ஹாலே, அதுவும் நாங்கள் வாழுற இதே ஜெர்மனிக்குள்ளை, பஸ்ஸிலை போய் வரக்கூடிய தூரத்திலை.

கதையை கொஞ்சம் சொல்லுறன், பிள்ளையளோடை வீட்டிலை கதைக்க உதவும். ஃபிராங்கே எண்ட பாதிரியார் 1695லை காணிக்கைப் பெட்டியிலை விழுந்த 4 தாலர் 16 குரோஷன் காசோடை ஏழைப் பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினவர், 1698லை பெற்றோர் இல்லாத பிள்ளையளுக்கான பெரிய கட்டடத்துக்கு அத்திவாரம் போட்டவர், பிறகு அச்சுக்கூடம், மருந்துக்கடை, நூலகம் எண்டு அது ஒரு சின்ன ஊர் மாதிரி வளந்திட்டுது. அங்க படிச்ச சீகன்பால்கு எண்ட ஜெர்மன் பாதிரியார் 1706லை, அப்ப டென்மார்க்காரரின்ர கையிலை இருந்த தரங்கம்பாடியிலை போய் இறங்கினார், அனுப்பினது டென்மார்க் ராசா. போன கையோடை தமிழ் படிச்சு, இரண்டு வருசமளவிலை தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியலே எழுதிப்போட்டார். தமிழ் எழுத்துக்கு ஈய அச்சு ஹாலேயிலைதான் செய்து கப்பலிலை அனுப்பினவை, 1713லை அது தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது, ஆனால் எழுத்து சரியான பெரிசு, கடதாசி போதாமல் போக, தரங்கம்பாடியிலையே சின்ன எழுத்தா வார்த்தவை. பிறகு அவர் ஐரோப்பா வந்தபோது மலையப்பன் எண்ட தமிழ் இளைஞனும் கூட வந்தவர். எங்கட பிள்ளையளுக்கு அந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கோ.

சைவ வீட்டுப் பிள்ளையளை ஏன் மதம் மாத்த வந்தவையின்ர இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறீங்கள் எண்டு இரண்டு அப்பாமார் கேட்டவை. நியாயமான கேள்வி. ஓம், அவை மதம் பரப்பத்தான் போனவை, அதை நாங்கள் பிள்ளையளுக்கு ஒளிக்கப் போறதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தையும் பாருங்கோ. சீகன்பால்கு தமிழ்ச் சனத்திட்டை அவையின்ர வாழ்க்கை, கோயில், கலியாணம், படிப்பு பற்றி எல்லாம் கேள்வி கேட்டு எழுத, அவையும் பதில் எழுதினவை, எழுதினது மட்டுமில்லை, கனபேர் தங்கட சமயத்தை விட்டுக்குடுக்காமல் நல்ல வடிவா நியாயமும் சொன்னவை. அப்பிடி 99 கடிதம் ஜெர்மனிலை மொழிபெயர்த்து ஹாலேயிலை அச்சடிச்சு ஐரோப்பாச் சனம் வாசிச்சது. எங்கட தெய்வங்களைப் பற்றி அவர் எழுதின பெரிய புத்தகத்தை மட்டும் அந்த நேரம் ஹாலேயிலை அச்சடிக்கேல்லை, 1867லைதான், அதுவும் சென்னையிலை, அச்சிலை வந்தது. இரண்டு பக்கத்தையும் பிள்ளையள் கேக்கட்டும், கேட்டுப்போட்டு தாங்களே யோசிக்கட்டும், பெரிய வகுப்புப் பிள்ளையளுக்கு அந்தளவு அறிவு இருக்கு.

இனி பயணம். ஃப்ரோன்லைக்னாம் எண்ட கத்தோலிக்கத் திருநாள் வியாழக்கிழமை விடிய 6 மணிக்கு பள்ளிக்கூட வாசலிலை இருந்து பஸ் வெளிக்கிடும், சனிக்கிழமை இரவு திரும்புவம். ஏன் இந்த நாள் எண்டால் எங்கட மாநிலத்திலை அண்டைக்கு லீவு, ஹாலே இருக்கிற சாக்சன் அன்ஹால்டிலை அது லீவு இல்லை, கடை, மியூசியம் எல்லாம் வழமை போலை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை உங்கட பிள்ளையின்ர ஜெர்மன் பள்ளிக்கூடம் இருந்தால் முன்கூட்டியே லீவு எடுக்கவேணும், கள்ள லீவு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு குடுக்க நான் கடிதம் எழுதித் தாறன்.

வியாழன் பின்னேரம் ஒரு ஜெர்மன் வழிகாட்டி அம்மாவோடை சந்தைச் சதுக்கத்தை நடந்து பாக்கிறம், மார்க்ட்கியர்ஷ தேவாலயத்தின்ர நாலு கோபுரம், பக்கத்திலை தனிய நிக்கிற சிவப்புக் கோபுரம் எண்டு ஐஞ்சும் ஒண்டாத் தெரியிற இடம் அது. 1685லை அந்த ஊரிலை பிறந்த இசைமேதை ஹெண்டலின்ர சிலையும் அங்கதான், மிருதங்கம், வயலின் படிக்கிற பிள்ளையளுக்காக அவர் பிறந்த வீட்டுக்கும் ஒருக்கா போவம்.

வெள்ளி விடிய முழுக்க ஃபிராங்கே வளாகம். மேல்மாடியிலை முதலை தொங்குற ஒரு கூடம் இருக்கு, உலகம் முழுக்க இருந்து வந்த கிட்டத்தட்ட 3000 சாமான் படம் கீறின அலுமாரிகளிலை அடுக்கி வைச்சிருக்கினம், சின்னப் பிள்ளையளுக்கு அது காணும். பெரிய பிள்ளையளுக்கு நான் காட்ட விரும்பிறது ஓலைச்சுவடி. பழைய ஓலையிலை மெய்யெழுத்துக்கு புள்ளி வைக்கிறதில்லை, எ, ஏ எண்டு வித்தியாசம் காட்டுறதில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, ஆணியாலை கீறின கோடு மாத்திரம்தான். வாசிக்கிறவர் தன்ர தமிழ் அறிவாலைதான் அது 'க்' எண்டோ 'க' எண்டோ கண்டுபிடிக்கவேணும். அதுக்காக இப்பவே 8ஆம் வகுப்புக்கு மேலை உள்ளவைக்கு புள்ளி இல்லாமல் எழுதின வரிகளைக் குடுத்துப் பழக்கிறம், புள்ளி வைக்கச் சொன்னால் சலிக்கிற பிள்ளையள் எல்லாம் இப்ப புள்ளி எங்கை எங்கை எண்டு தேடுதுகள், எனக்கு அதைப் பாக்கச் சரியான சந்தோசம்.

மத்தியானத்துக்குப் பிறகு நேப்ரா வட்டு இருக்கிற மியூசியம். கிட்டத்தட்ட 3600 வருசத்துக்கு முன்னம் மண்ணுக்குள்ளை புதைச்ச வெண்கலத் தட்டு, சோத்துக் கோப்பை அளவு, அதிலை சூரியன், பிறை, நட்சத்திரம் எல்லாம் தங்கத்திலை பதிச்சிருக்கு, நடுவிலை நெருக்கமா ஏழு பொட்டு, அது எங்கட கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எண்டுதான் ஆராய்ச்சியாளர் சொல்லுகினம். புதையல் கள்ளர் 1999லை தோண்டி வித்து, 2002லை சுவிஸ் பாசலிலை பொலிஸ் மீட்ட கதையை வழிகாட்டி சொல்லுவா, பெடியள் வாய் திறந்து கேப்பினம். சனிக்கிழமை அதைத் தோண்டி எடுத்த மிற்றெல்பெர்க் மலைக்கே போய், மேலை இருக்கிற கோபுரத்திலையும் ஏறிப்போட்டு வீட்டை வருவம். மலை ஏற நல்லா நடக்கவேணும், புதுச் சப்பாத்து வேண்டாம், பழகின சப்பாத்து போட்டு விடுங்கோ.

ஒரு அம்மா போன் எடுத்து 2019லை ஹாலேயிலை யூதர் கோயில் வாசலிலை நடந்த சூட்டை ஞாபகப்படுத்தினா, கிழக்குப் பக்கம் கறுத்தப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக பயமில்லையோ எண்டும் கேட்டா. அந்தப் பயத்தை நான் லேசா எடுக்கேல்லை. ஒரு பிள்ளையும் தனிய விடமாட்டம், ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியாள், இருட்ட முதல் எல்லாரும் யூத் ஹொஸ்டலுக்குள்ளை. அதோடை, 1727லை அதே ஊர் பல்கலைக்கழகத்திலை ஆபிரிக்காவிலை பிறந்த ஆமோ எண்டவர் சேர்ந்து படிச்சு பிறகு தத்துவம் படிப்பிச்சவர், 1754லை எர்க்ஸ்லேபன் எண்ட பெண் ஜெர்மனியிலையே முதலாவதா மருத்துவப் பட்டம் எடுத்ததும் அங்கதான், இதுவும் அந்த ஊர்தான் எண்டு எங்கட பிள்ளையளுக்குத் தெரியவேணும்.

வழிகாட்டிகள் ஜெர்மனிலைதான் கதைப்பினம், கூட வாற அம்மம்மாமாருக்கு பெரிய பிள்ளையள் பக்கத்திலை நிண்டு தமிழிலை சொல்லவேணும், அதுதான் இந்த முறை வாய்மொழிப் பரீட்சை, வேறை பரீட்சை இல்லை.

ஒரு ஆளுக்கு 150 ஈரோ. கட்டக் கஷ்டம் எண்டால் எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடுங்கோ, பிள்ளைக்கோ மற்ற ஆக்களுக்கோ தெரியவராது, காசுக்காக ஒரு பிள்ளையும் நிக்கக்கூடாது. அகதி விண்ணப்பம் முடியாமல் மாவட்டம் விட்டுப் போக அனுமதி தேவைப்படுற குடும்பங்கள் இப்பவே சொல்லுங்கோ, கந்தோரிலை கதைக்க நானும் வாறன். முதல் நாள் மத்தியானச் சாப்பாடு வீட்டிலை இருந்து கட்டிக் குடுங்கோ, ஹொஸ்டலிலை மரக்கறிச் சாப்பாடு இருக்கு. மருந்து, அலர்ஜி விபரம் எல்லாம் படிவத்திலை மறைக்காமல் எழுதுங்கோ, கையெழுத்து வைச்ச படிவம் வாற சனிக்கிழமைக்குள்ளை வகுப்பு ஆசிரியரிட்டை வந்து சேரவேணும்.

அன்போடை,
தலைமையாசிரியர்