சாவியை மறந்த காசாளர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் புத்தகமும் செவ்வாய்க்கிழமை வந்தன. முட்டிவலி தேவலை. மகள் தீபாவளிக்கு வருகிறாள். பேரன் எழுத்துக்கூட்டிப் பேப்பர் தலைப்பெல்லாம் படிக்கிறானாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய துப்பறியும் நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். கோபப்படாதே. கொலை நன்றாகத்தான் இருந்தது. அந்த வங்கிக் காசாளர்தான் ஒத்துவரவில்லை. இருபது வருஷம் கேஷில் உட்கார்ந்த மனுஷன், பெட்டகச் சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறான். கதை மொத்தமும் அந்தச் சாவியில் தொங்குகிறது. முதலில், ஒரு சாவிக்குப் பெட்டகம் திறக்காது. காசாளரிடம் ஒன்று, மேலாளரிடம் ஒன்று, இரண்டும் சேர வேண்டும். அதையாவது விட்டுவிடலாம், எழுதியவர் வங்கியில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அந்த ஆள் மறக்கமாட்டானப்பா. நானே கேஷிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷமாகிறது. இன்னும் வாசல் தாண்டும்போது கை தானாகப் பேண்ட் பையைத் தடவுகிறது. உள்ளே இருப்பது மூக்குக்கண்ணாடிக் கூடு. "சாவி பத்திரமா?" என்று வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

'உனக்குச் சாமி வந்து காபி குடிக்கிற கதைதானே பிடிக்கும்' என்று கேலி செய்வாயே, ஆமாம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எத்தனை தடவை படித்தேனோ. பிராட்வே முனையில் கடவுள் வந்து நிற்பது நடக்கிற காரியமா? ஆனால் பிள்ளை அங்கே டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா என்று அணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். காபி தன் லீலை என்று கடவுள் சொன்னால், சிக்கரி போட்ட ஓட்டல்காரன் லீலை என்று திருத்துகிறார். வந்தவர் யாரென்று தெரிந்தும் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்துகிறவர் வேறென்ன கேட்பார்? பிள்ளையை நம்பித்தான் நான் அந்தக் கடவுளையே நம்புகிறேன்.

துப்பறியும் கதையே எனக்கு ஆகாது என்று நினைக்காதே. தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வில் சாம்பு குருட்டு அதிர்ஷ்டத்தில்தான் ஜெயிக்கிறான், உறுத்தவே இல்லை. அசட்டுச் சாம்பு மூளையால் கண்டுபிடித்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். சரித்திரக் கதைதான் இன்னும் ஒட்டவில்லை, அடுப்படியில்கூட மேடைப் பேச்சு. அது என் குறை என்றே வைத்துக்கொள்.

புத்தகத்தைக் கூரியரில் திருப்பியிருக்கிறேன். 43ஆம் பக்க ஓரத்தில் 'இரண்டாவது சாவி எங்கே?' என்று பென்சிலால் கிறுக்கித் தொலைத்தேன், அழித்துவிடு. அப்புறம், கொலைகாரன் யாரென்று மட்டும் ஒரு வரி எழுது.

உன்,
மணி