ஆபரேஷன் முடிந்தால் முட்டி சரியாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜவ்வு கிழிந்த கபடி வீரருக்கு 'அறுவை சிகிச்சை வெற்றி' என்று செய்தி போடுகிறீர்கள், அப்புறம் அந்தப் பிள்ளை மைதானத்துக்குத் திரும்பியதா என்று யாரும் எழுதுவதில்லை. என் மகளும் கபடி ஆடுகிறவள்தான். போன வருடம் வலது முட்டியில் ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு) ஆபரேஷன். நாலாவது மாதமே மாடிப்படி ஏறி இறங்கினாள், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தோம். பிசியோதெரபிஸ்ட் இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தார். வலது தொடை 3 செ.மீ. இளைத்திருந்தது.

அவர் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று ஃப்ளைவீல். கிணற்றடி ஆயில் எஞ்சினில் கனத்த சக்கரம் இருக்குமே, அதே தத்துவம். குந்திய நிலையிலிருந்து எழும்போது இடுப்பில் மாட்டிய வார் சக்கரத்தைச் சுழற்றும், வார் முழுக்க அவிழ்ந்த பிறகும் சக்கரம் நிற்காமல் சுற்றி, வாரைத் திரும்பச் சுருட்டி ஆளைக் கீழே இழுக்கும். நாம் கொடுத்த வேகத்தை நம் தொடையே தாங்கி நிறுத்த வேண்டும். முதல் நாள் அவளுக்குக் கால் வெடவெடவென்று நடுங்கியது, தன்னையறியாமல் இடது பக்கமே சாய்ந்தாள். ரெய்டு போன இடத்தில் சட்டென்று நின்று திரும்பத் தொடைக்கு இந்தப் பலம்தான் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேர் டெஷ், ஹான்ஸ் பெர்க் இருவரும் விண்வெளி வீரர்களுக்காக இதை உருவாக்கினார்கள், எடையே இல்லாத இடத்திலும் தசைக்கு வேலை கொடுக்க வேண்டுமே!

எடுத்த எடுப்பில் இதில் ஏறக்கூடாது. வீக்கம் வற்றி, முட்டி முழுக்க நீண்டு, அடிப்படைப் பலம் வந்த பிறகு, பிசியோ பக்கத்தில் நிற்கத்தான் செய்ய வேண்டும். அவசரமும் கூடாது. 2016-ல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்றில், 9 மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. டோர்னமெண்ட் வருகிறது என்று ஆறாம் மாதமே பிள்ளைகளை இறக்கிவிடும் கோச்சுகள் இதைப் படிக்க வேண்டும்.

நாங்கள் வாரம் இரண்டு முறை 60 கி.மீ. பஸ்ஸில் போய்வந்தோம். எல்லா வீட்டாலும் அது முடியாது. மாவட்ட விளையாட்டு மைதான ஜிம்மில் இப்படி ஒரு கருவியும், அதைத் தெரிந்த ஒரு பிசியோவும் இருந்தால் போதும். உங்கள் விளையாட்டுப் பக்க நிருபர் நாலைந்து மாவட்டங்களுக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
கபடி வீராங்கனை ஒருவரின் அப்பா,
தூத்துக்குடி மாவட்டம்