அளவுகோலுக்கு இடம் விட்டவர்களுக்கு

மும்பை சசூன் டாக் மீன் இறங்குதளத்தின் தாண்டேல்களுக்கும் (படகுத் தலைவர்களுக்கும்), மீன் கூடைக்கு விலை சொல்லும் மாவ்ஷிகளுக்கும், ஆய்வகத்து அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம்.

சுறா, திருக்கைக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு எழுதுகிறோம். கடலுயிரியல் படித்துவிட்டு மீன்வளத்துக்குப் போனாலும் சரி, பாதுகாப்பு வேலைக்குப் போனாலும் சரி, ஆரம்பப் பாடம் மீன் இறங்குதளத்தில்தான். யாரிடம் எதைக் கற்றோம் என்று சொல்லிவிட்டால் அடுத்து வரும் பிள்ளைகளுக்காவது பயன்படும்.

முதலில் தாண்டேல்களுக்கு. நம்மூர் தண்டல்தான், பெயர் சற்று நீண்டிருக்கிறது. பல நாள் தங்கிப் பிடிக்கும் இழுவைப் படகில் முதல் நாள் பாடு (பிடிபட்ட மீன்) ஐஸ் அறையின் அடியில் கிடக்கும், கடைசிப் பாடு மேலே இருக்கும். மேல் கூடையை மட்டும் அளந்தால் கடைசியாக வலை விட்ட இடத்தின் கணக்குதான் கிடைக்கும். எத்தனை இழுப்பு, எத்தனை மணி நேரம், எந்த ஆழம் என்று ஏல அவசரத்திலும் பதில் சொன்னீர்கள். அது இல்லாமல் வெறும் கிலோவை வைத்து மீன் குறைந்ததா, கடலுக்குப் போன நாள் குறைந்ததா என்று சொல்ல முடியாது.

மாவ்ஷிகளே, தரம் பிரித்தபின் பெரியதெல்லாம் தனியே போய்விடும். மிச்சத்தில் எடுக்கும் மாதிரி கடலில் குட்டிகளே இருப்பதாகக் காட்டும். பிரிக்குமுன் எங்களுக்காகப் பொறுத்தது பெரிய உதவி. முஷி, மோரி என்று நீங்கள் சொல்லும் சுறாக் கூடைக்குள் பல இனங்கள் கலந்திருக்கும். மூக்கு மண்வெட்டிபோல் தட்டையாக நீண்டு, முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு மேலே வரும் அளவுக்குப் பின்தள்ளி இருந்தால் அது மண்வெட்டி மூக்குச் சுறா.

அளவெடுப்பதில்தான் அதிகம் தவறுகிறது. முள்ளுக்குப் பயந்து திருக்கையின் வாலைக் கடலிலேயே வெட்டிவிடுவார்கள். அதனால் முழு நீளம் உதவாது, ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனிவரை அகலத்தை எடுக்க வேண்டும். சுறாவுக்கு டேப்பை முதுகின்மேல் போட்டால் சினையால் வயிறு பெருத்ததற்கு நீளம் கூடிவிடும். தரையில் நேராக விரித்து, வாலின் மேல் மடலை உடம்போடு நேராக நீட்டி வைத்து அளக்க வேண்டும். ஆணாக இருந்தால் இடுப்புத் துடுப்பை ஒட்டிய இரண்டு இணைவுறுப்புகளை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர்போல் மடங்கினால் இன்னும் பருவமடையவில்லை. விறைத்து நின்று, அடியில் எளிதாகத் திரும்பினால் முதிர்ந்துவிட்டது. 

ஆய்வகத்தாருக்கு. மரபணுச் சோதனைக்கு அரிசி மணியளவு துடுப்புத் துண்டு, அதைப்போல் பத்து மடங்கு எத்தனால். திசுவின் நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போவதால் மறுநாள் மாற்றிவிட வேண்டும். பார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். லேபிளைப் பென்சிலால் எழுத வேண்டும், பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடும். அப்புறம் குப்பியில் இருப்பது எந்த மீன் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வனத்துறை மாங்குரோவ் பிரிவினருக்கும் நன்றி. ரம்பம்போல் மூக்கு நீண்ட வேளாவும் திமிங்கிலச் சுறாவும் 2001-லிருந்து வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் கிடந்தாலும் அனுமதியில்லாமல் துண்டு எடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட உயிர் சிக்கி, வலையை அறுத்து விடுவித்தால் ரூ.25,000 வரை இழப்பீடு தரும் திட்டம் 2018-லிருந்து மகாராஷ்டிரத்தில் உண்டு. சான்றாகப் படம் வேண்டும் என்பதால் படகில் ஒருவர் போனைத் தயாராக வைத்திருப்பது நல்லது. கிழிந்த வலைக்கு அந்தத் தொகை போதுமா என்பது தனிப் பேச்சு. பேச வேண்டிய பேச்சும்கூட.

ஜூன் 1-ல் தடைக்காலம் தொடங்கி நீங்கள் வலை பழுதுபார்க்க உட்காரும்போது, அளந்த பட்டியலை மராத்தியில் அச்சடித்துக் கொண்டுவருகிறோம். பெயரோ எண்ணோ தப்பாக இருந்தால் பென்சிலாலேயே திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சுறா, திருக்கைக் கணக்கெடுத்த மாணவர்கள்
மும்பை