இலங்கையின் சமயப் பிரிவுகளைத் தேடியபோது கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கையின் திருச்சபைகள், பௌத்த நிகாயக்கள் (பிக்குகளின் பிரிவுகள்), ஏனைய சமயப் பிரிவுகள் பற்றிய பெயர்க் கையேடு நிறைவுபெற்றிருக்கிறது. உசாத்துணைப் பகுதியில் கேட்ட நூலோடு கேளாத நூலையும் எடுத்துவந்து வைத்த நூலகர்கள், ஆலயப் பதிவேடுகளைப் பார்த்து விடை அனுப்பிய செயலாளர்கள், சிங்கள நூல்களை வாசித்து விளக்கியவர்கள், பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவரும் தன்னார்வலர்கள் என எல்லோருக்கும் சேர்த்து எழுதும் மடல் இது. உங்களிடம் கற்ற வேலைமுறையை இங்கே எழுதிவைக்கிறோம். இதே தேடலில் அடுத்து இறங்குபவருக்கு அது போய்ச் சேரட்டும்.

முதல் நன்றி பட்டியலாக்கம் செய்பவர்களுக்கு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகுப்பில் இலங்கைக்குரிய இடக்குறி 5493. நாட்டின் சமயம் பொதுவாக 200.95493, பௌத்தம் 294.3095493, கத்தோலிக்கம் 282.5493, அங்கிலிக்கன் 283.5493. இந்த நான்கு இடங்களையும் பார்த்துவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிட்டால் பாதி விடுபட்டுப்போகும். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) 287.96இல், மெதடிஸ்தரோடு ஒரே தட்டில் நிற்கிறது. ஒல்லாந்தர் கொண்டுவந்த சீர்திருத்தச் சபைக்கு 284, 285 இரண்டையும் தேட வேண்டும். 1972 மே மாதத்திற்கு முந்திய நூல்கள் பல பட்டியல்களில் ‘சிலோன்’ என்ற தலைப்பின்கீழேயே இருக்கின்றன. ‘ஸ்ரீ லங்கா’ என்று மட்டும் தட்டினால் நூறு ஆண்டுப் பதிப்புகள் திரையில் வராது. இரண்டு பெயரிலும் தேடுங்கள் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமல்ல.

குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளை வாசிக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு அடுத்த நன்றி. 2012 மதிப்பீட்டில் பௌத்தர் 70.1, இந்துக்கள் 12.6, இஸ்லாமியர் 9.7, உரோமன் கத்தோலிக்கர் 6.2, ஏனைய கிறிஸ்தவர் 1.4 சதவீதம். கடைசி எண்ணில்தான் சிக்கல். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை எல்லாம் அந்த 1.4க்குள் அடங்கிவிடுகின்றன. சபைவாரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் பின்னோக்கிப் போக வேண்டும். 1911 மதிப்பீட்டைப் பற்றி டென்ஹாம் எழுதிய பெருநூல் கிறிஸ்தவர்களைச் சபை சபையாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆண்டுகளை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 1991இல் மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் விடுபட்ட அந்த ஆண்டின் அட்டவணையை 1981க்குப் பக்கத்தில் வைத்தால், இந்துக்கள் சட்டென்று குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். முழுத் தீவுக்கும் 1981ஐ அடுத்துக் கைக்கு வருவது 2012தான். இந்தப் பிழை அச்சான நூல்களிலேயே இருக்கிறது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

இனி, அட்டை. மூன்றுக்கு ஐந்து அங்குலப் பட்டியல் அட்டையில் நான்கு வரி எழுதும் பழக்கத்தை உண்டாக்கியவர் ஓய்வுபெற்ற ஒரு நூலகர். முதல் வரியில் நூலில் உள்ளபடியே பெயர்; இரண்டாவதில் நூல், பதிப்பாண்டு, பக்கம்; மூன்றாவதில் எண்ணப்பட்டது யாரை; நான்காவதில் எண்ணிக்கை எந்த ஆண்டு நிலவரம். மூன்றாம் வரியை வெறுமையாக விட்ட அட்டை செல்லாது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளையும் சேர்த்து எண்ணும் சபை உண்டு. திருவிருந்தில் பங்குபெறும் வளர்ந்தோரை மட்டும் எண்ணும் சபையும் உண்டு. இரண்டையும் ஒரே நிரலில் இட்டால் முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் தெரியும். அது உண்மை நிலவரமாகாது.

யாழ்ப்பாணத்துக்கான அட்டையையே பாருங்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் சபைகள், தென்னிந்திய ஐக்கிய சபையின் வழியாக, 1947 செப்டெம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. ஆகவே இலங்கை மண்ணில் இருக்கும் யாழ்ப்பாண ஆதீனம் என்னும் கிறிஸ்தவ மாவட்டம், இந்தியாவைத் தலைமையிடமாகக் கொண்ட திருச்சபையின் ஓர் அங்கம். உலகளாவிய கைநூல்களில் இது சிலவேளை இந்தியாவின்கீழும் சிலவேளை இலங்கையின்கீழும் வரும். இரு நாட்டுத் தொகைகளையும் கூட்டும்போது ஒரே மக்கள் இருமுறை எண்ணப்படலாம். இந்த அட்டையில் சிவப்பு மையால் ‘இந்தியாவையும் பார்க்க’ என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதினோம்.

உலகக் கிறிஸ்தவக் கலைக்களஞ்சியத்தை நாடுவாரியாகப் புரட்ட வழிகாட்டியவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். டேவிட் பாரெட் தொகுத்த அதன் 1982 பதிப்பு உலகில் ஏறத்தாழ 20,800 சபைப் பிரிவுகள் என்றது. 2001 பதிப்பு ஏறத்தாழ 33,800 என்றது. இந்த எண்ணை அப்படியே மேற்கோள் காட்டுபவர்கள் முன்னுரையைத் திறந்திருக்க மாட்டார்கள். அந்நூலில் ஒரு சபை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிப் பிரிவாக எண்ணப்படுகிறது. ஒரே கத்தோலிக்கத் திருச்சபை நூற்றுக்கணக்கான ‘பிரிவு’களாவது அப்படித்தான். நாட்டு அட்டவணைகள் அருமையானவை. ஆனால் வரையறையைப் படித்த பிறகுதான் அவற்றைக் கையில் எடுக்க வேண்டும்.

பெயர்களில் வந்த குழப்பங்களை நீக்கியவர்கள் பலர். தென்னிந்தியத் திருச்சபையில் ‘பேராயர்’ என்றால் ஓர் ஆதீனத்தின் தலைவர். கத்தோலிக்க வழக்கில் அவரை ‘ஆயர்’ என்பார்கள். அங்கே ‘பேராயர்’ என்றால் உயர்மறைமாவட்டத் தலைவர். இலங்கையின் 12 கத்தோலிக்க மறைமாவட்டங்களில் உயர்மறைமாவட்டம் கொழும்பு ஒன்றே. ‘ஆதீனம்’ என்ற சொல்லோ யாழ்ப்பாணத்தில் சைவ மடத்துக்கும் கிறிஸ்தவ மாவட்டத்துக்கும் பொது. சொல்லகராதியில் நல்லை ஆதீனமும் யாழ்ப்பாண ஆதீனமும் அடுத்தடுத்து வந்தபோது, அடைப்புக்குறிக்குள் சமயத்தைக் குறிக்கச் சொன்னவரை மறக்க மாட்டோம். இன்னொரு கண்ணி: திருகோணமலையும் மட்டக்களப்பும் 2012 வரை ஒரே மறைமாவட்டம். அந்த ஆண்டு திருகோணமலையின் எண்ணிக்கை விழுவதற்குக் காரணம் பிரிப்பு மட்டுமே.

பௌத்த நிகாயக்களைப் பற்றிய பகுதி சிங்கள வாசகர்கள் இல்லாமல் நடந்தேறியிருக்காது. 1753இல் உபாலி தேரர் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்து உபசம்பதா என்னும் உயர் துறவுநிலையை அளித்ததில் தொடங்குவது சியம் நிகாய. மல்வத்தை, அஸ்கிரிய இரண்டும் அதன் பீடங்கள். பர்மாவிலிருந்து வந்தவை அமரபுர, ராமஞ்ஞ நிகாயக்கள். நிகாய என்பது பிக்குகளின் பிரிவு. இல்லறத்தாரை நிகாயவாரியாகக் குடிசன மதிப்பீடு எண்ணுவதில்லை. கேட்டால் பலர் தம் விகாரையின் பெயரைத்தான் சொல்வார்கள். பௌத்தக் கலைக்களஞ்சியத்தின் முதற்பகுதி 1961இல் வந்தது. ஆங்கில அகரவரிசையில் பல பத்தாண்டுகள் நீண்ட வெளியீடு என்பதால், ‘அமரபுர’ கட்டுரை முன்வரிசையில் அமைந்து 1960களின் நிலையையே சொல்கிறது. அமரபுரவும் ராமஞ்ஞவும் 2019 ஆகஸ்டில் ஒன்றிணைந்ததை வேறிடத்தில் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கலைக்களஞ்சியம் எதுவானாலும், தொகுதி வெளிவந்த ஆண்டைப் பார்த்த பிறகே கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று தெளிந்தது இதனால்தான்.

இந்து, இஸ்லாமியப் பகுதிகளுக்கு உதவியோருக்கும் இதே அளவு நன்றி. படிவத்தில் ‘இந்து’ என்று இருப்பதை வீட்டில் ‘சைவம்’ என்றே சொல்கிறார்கள் என்பதை நினைவூட்டினீர்கள். சோனகர் என்பது இனம், இஸ்லாம் என்பது சமயம். 2012இல் முன்னது 9.3, பின்னது 9.7 சதவீதம், மலாயர், போரா, மேமன் மக்கள் இந்த இடைவெளியில் இருக்கிறார்கள் என்று அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள்.

பழைய நூல்களைக் கையாளச் சொல்லித்தந்ததும் நீங்களே. பேனா வேண்டாம், பென்சில் போதும். முதுகு உடைந்த தொகுதியைத் தட்டையாக விரித்துப் போட்டோகொப்பி எடுக்காமல், இருபுறமும் தாங்கு வைத்துத் தொலைபேசியால் படமெடுக்க வேண்டும். முதற்படம் தலைப்புப் பக்கமாக இருக்க வேண்டும். அது இல்லாத படங்கள் ஆறு மாதம் கழித்து எந்த நூலினுடையவை என்றே தெரியாமல் போய்விடும்.

கையேட்டின் ஒரு பிரதி உங்கள் ஒவ்வொரு நூலகத்துக்கும் வருகிறது. உசாத்துணைப் பிரதியில் எழுதக்கூடாது என்பதால் பின்னட்டை உறையில் 20 வெற்று அட்டைகளை வைத்திருக்கிறோம். பிழை கண்டால் அதே நான்கு வரியை நிரப்பி அங்கேயே செருகிவிடுங்கள். அடுத்த பதிப்பை அந்த அட்டைகளிலிருந்து தொடங்குவோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்