அகாடமி சோதனை – எல்லாரும் படிச்சிடுங்க

ஹாட்ரிக் (ஆன்லைன் கால்பந்து மேலாளர் விளையாட்டு) ஆடுற சேலம் மக்களே, அகாடமிப் பசங்களுக்கு எந்தப் பயிற்சி அமைப்பு நல்லாருக்குன்னு ஒப்பிட்டுப் பார்க்க, இந்த வார இளையோர் ஆட்டத்துல இருந்து சோதனை ஆரம்பம். அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் ஆளுங்க முதன்மை, துணைப் பயிற்சி ரெண்டுலயும் பிளேமேக்கிங் (நடுக்களத்துல ஆட்டத்தை நடத்துற திறன்) வையுங்க. சூரமங்கலம், ஜங்ஷன் பக்கம் துணைப் பயிற்சியை மட்டும் பாஸிங்குக்கு மாத்துங்க.

சோதனைக்கு நீங்க எடுத்துக்கிற அகாடமிப் பையன் நடுக்களத்துல 90 நிமிஷமும் ஆடணும். பாதியில வெளியே எடுத்தா பயிற்சியும் குறையும், ஒப்பிடவே முடியாது. சீசன் முழுக்க, 16 வாரமும் அதே பையன்தான். அகாடமியில 112 நாள் ஆகாம எப்படியும் முதன்மை அணிக்கு ஏத்த முடியாது, அதனால யாரும் பறக்க வேணாம்.

ஆட்டம் முடிஞ்சதும் பையன் வாங்கின நட்சத்திர மதிப்பீடு, பயிற்சியாளர் குறிப்பு ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் போடுங்க. "சூப்பரா ஆடினான்"னு மட்டும் எழுதினா ஷீட்டுல ஏத்த மாட்டேன்.

ஏற்காட்டுல நாம சந்திக்கிறது கோடை விழா கூட்டம் கலைஞ்ச பிறகுதான். 20 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி வரிசையில நிக்க நம்மால ஆகாது.